ஆறரை மணிக் கவலைகள்

கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில் சபரீஷுக்கு வேலை. வெளியே போகிற ஒவ்வொரு பம்பும் அவன் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓடுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திவிடுவான். விரலால் தடவியே வார்ப்பில் இருக்கிற சின்னக் குழியைக்கூடக் கண்டுபிடித்துவிடுவான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இவன்தான் என்று கூட வேலை பார்க்கும் கவின் கேலி செய்வதுண்டு.

சிக்கல் என்னவென்றால், ஷிப்டு முடிந்து பல்லடத்துக்கு வண்டியைக் கிளப்பும்போது அந்தச் சந்தேகமும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேனேஜர் "அப்புறம் பேசலாம்" என்று சொன்னது எதைப் பற்றி? சூலூர் தாண்டுவதற்குள் அவனுக்கு வேலை போய்விட்டிருக்கும். காரணம்பேட்டை வருகையில் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வசனம் தயாராகிக்கொண்டிருக்கும். மறுநாள் பார்த்தால், தன் தோட்டத்துக் கிணற்றுக்கு எந்த மோட்டார் போடலாம் என்று கேட்கத்தான் மேனேஜர் கூப்பிட்டிருப்பார்.

ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் வாய் தவறி, "நல்லா இருக்கீங்களாங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கினாரா என்பதே சந்தேகம். ஆனால் சபரீஷ் அதை வருஷக்கணக்கில் மறக்கவில்லை. சோற்றில் கை வைக்கும்போது, தலையில் எண்ணெய் தேய்க்கும்போது, எங்கிருந்தோ அது கிளம்பி வரும். தனியாக இருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொள்வான்.

அவனுடைய அப்பா அங்கப்பனுக்குத் தென்னந்தோப்பும் சில விசைத்தறிகளும் இருந்தன. அதிகம் பேசமாட்டார். அம்மா சாந்தாமணி நேர் எதிர். ஒரு வேலை மனதில் பட்டால் அந்த நிமிஷமே செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறவள். இப்படிப்பட்டவள் வயிற்றில் இவன் எப்படிப் பிறந்தான் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அவளும் அதையேதான் கேட்டாள்.

பங்குனி மாதத்தில் சபரீஷுக்கு அவிநாசியில் பெண் பார்த்து, உப்பு சர்க்கரை மாற்றி உறுதி செய்தார்கள். பெண்ணின் பெயர் லோகப்பிரியா. பிசியோதெரபிஸ்ட். தேர்வீதிக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வேலை. சிரிக்கும்போது கண் இரண்டும் காணாமல் போய்விடும். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு முதல்முறையாக சபரீஷ் எதையும் யோசிக்காமல் "சரிங்கம்மா" என்றான். சாந்தாமணிக்கே ஆச்சரியம்.

வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. இருவரும் போனில் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். அவளுடைய பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு சிரித்த முகம் இருக்கும், இல்லாவிட்டால் "சாப்டீங்களா?" இருக்கும். இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

முகூர்த்தப் புடவை எடுக்க ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போகலாம், அரக்கு நிறத்தில் எடுக்கலாம், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று சாந்தாமணி சொல்லியிருந்தாள். சபரீஷ் டீ இடைவேளையில் அதை அப்படியே எழுதி அனுப்பினான். அந்தப் பக்கம் லோகப்பிரியா எழுதுகிறாள் என்று திரை காட்டியது. பிறகு நின்றது. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் நின்றது. டீ ஆறிப்போய், மேலே ஆடை கட்டி, இடைவேளை முடிந்து மணியடிக்கிற நேரத்தில் பதில் வந்தது.

"சரிங்க."

அவ்வளவுதான். சிரித்த முகம் இல்லை. சாப்டீங்களா இல்லை. போதாதற்கு ஒரு முற்றுப்புள்ளி வேறு.

சபரீஷ் அதைக் கவினிடம் காட்டினான். கவின் இரண்டு முறை படித்துவிட்டு, சரிங்கன்னா சரிதான்டா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முற்றுப்புள்ளியைக் கவனிக்காதவனிடம் என்ன பேசுவது என்று சபரீஷ் தானே ஆராய ஆரம்பித்தான்.

அன்று மாலைக்குள் அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்பது தெளிவாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில், உறுதி வார்த்தை அன்று எடுத்த போட்டோக்களைப் பார்த்தபோது, ஒன்றில் அவள் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் எழுதி எழுதி அழித்தாளே, எதை அழித்தாள்? உண்மையைத்தான் அழித்திருப்பாள். அவள் மனதில் வேறு ஒருவன் இருக்கிறான். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அந்த வேறு ஒருவனுக்கு நிதீஷ் என்று பெயரும், திருப்பூரில் ஒரு பேங்கில் வேலையும், வயதான தாயாரும் சேர்ந்துவிட்டார்கள். நல்ல பையன்தான் பாவம். அவனை நினைத்து சபரீஷுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

இதற்கு நடுவில் லோகப்பிரியாவுக்குப் பதில் எதுவும் அனுப்பவில்லை. என்ன அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் இரண்டு நாள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தாமணி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சபரீஷ் கதவோரம் வந்து நின்று, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

அவள் கை நின்றது. "ஏஞ்சாமி, என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பெண்ணுக்கு மனசு சரியில்லையோ என்று தோன்றுகிறது என்றான். அவள் சொன்னாளா? இல்லை. அவங்க அப்பா சொன்னாரா? இல்லை. பின்னே? சபரீஷ் போனை நீட்டினான். சாந்தாமணி கண்ணாடியை எடுத்து மாட்டி, அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாளைக்கு நேரா அவிநாசி போயி அந்தப் புள்ளையவே கேட்டுப்போட்டு வா. நீ போகலீன்னா நான் இப்பவே அவங்கப்பாவுக்குப் போன் பண்டுவேன்."

அம்மா போன் செய்தால் என்னென்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தபோது, போவதே மேல் என்று தோன்றியது.

சனிக்கிழமை கிளினிக்கில் நல்ல கூட்டம். முழங்கால்காரர்களும் இடுப்புக்காரர்களுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு நின்றவனிடம் முன்னால் இருந்த பெண் என்ன தொந்தரவு என்று கேட்க, வாயில் வந்த மாதிரி தோள்பட்டை வலி என்று சொல்லிவிட்டான். டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, இந்த வயசிலேயேவா என்று பரிதாபப்பட்டு, தேய்த்துக்கொள்ளத் தைலம் எல்லாம் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே, உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய பேச்சை மனதுக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருந்தான். பெருந்தன்மையான பேச்சு. நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று முடியும்.

அவன் முறை வந்தது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். லோகப்பிரியா ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தோள்பட்டை வலின்னு போட்டிருக்குதுங்க?" என்றாள், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"ஆமாங்க," என்றான் அவனும்.

உட்காரச் சொன்னாள். பழக்க தோஷத்தில் பின்னால் வந்து அவன் தோள் இரண்டிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"உங்க தோளு ரெண்டும் காதுக்குப் பக்கத்துல இருக்குதுங்க. கல்லாட்டம் இருக்குது. கீழ இறக்குங்க."

இறக்கியாகிவிட்டது என்றான். இன்னும் இறக்குங்க என்றாள். இறக்க இறக்க அது இறங்கிக்கொண்டே போனது. இவ்வளவு நாளாகத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடமாடியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்பது மறந்துவிட்டது.

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

லோகப்பிரியா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "அதை நானல்லவாங்க உங்களைக் கேக்கோணும்? புதங்கிழமை பதில் போட்டனுங்க. இன்னைக்குச் சனிக்கிழமை. ஒரு வார்த்தை இல்லை. கோவிச்சுக்கிட்டீங்கன்னு மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லை."

பேசப் பேச எல்லாம் வெளியே வந்தது. அவளுக்கு அரக்கு நிறம் பிடிக்காது. மயில்கழுத்து நிறத்தில் எடுக்கலாமா என்று கேட்க எழுதினாள். இப்போதே அடம் பிடிக்கிறாள் என்று அத்தை நினைப்பார்களோ என்று அழித்தாள். சுற்றி வளைத்து வேறு மாதிரி எழுதினாள். ரொம்ப நீளமாக இருக்கிறதே, வாயாடி என்று நினைப்பாரோ என்று அதையும் அழித்தாள். கடைசியில் களைத்துப்போய் "சரிங்க" என்று போட்டாள். முற்றுப்புள்ளி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது, விரல் பட்டிருக்கும். பிறகு சிரித்த முகம் போட மறந்துவிட்டோமே என்று அதற்கு ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டாள். தனியாக ஒரு சிரித்த முகத்தை மட்டும் பின்னால் அனுப்பினால் பைத்தியம் என்று நினைப்பாரோ என்று அதையும் செய்யவில்லை.

சபரீஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். தன்னைப் போலவே இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறது, அதுவும் தனக்கே நிச்சயமாகியிருக்கிறது என்பதை நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் நிதீஷ்னு நெனைச்சுப்போட்டனுங்க," என்றான்.

"நிதீஷ் ஆருங்க?"

சொன்னான். பேங்க் வேலையையும், வயதான தாயாரையும் விடாமல் சொன்னான். லோகப்பிரியா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். கண் இரண்டும் காணாமல் போயின. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம், தோள்பட்டை வலிக்கு இது என்ன வைத்தியம் என்று முழங்கால்காரர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் மயில்கழுத்து நிறத்திலேயே புடவை எடுத்தார்கள். விஷயத்தைக் கேட்ட சாந்தாமணி, இதைக் கேட்கவா ரெண்டு பேரும் காய்ச்சல் வந்த மாதிரி கிடந்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி பார்க்கப் போய்விட்டாள்.

இனிமேல் மனதில் எது தோன்றினாலும் உடனே கேட்டுவிடுவது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நல்ல ஒப்பந்தமாகத்தான் பட்டது. முதல் இரண்டு நாள் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இன்னொரு கேள்வி முளைத்தது. நேற்று போனை வைக்கும்போது குரல் ஒரு மாதிரி இருந்ததே? இல்லீங்க, சளி. சளி என்று சொன்னது சமாதானத்துக்கா? இல்லீங்க, நெசமாவே சளி. எனக்குச் சளி என்று நீங்கள் கவலைப்படுகிறீர்களா? இப்படி நாள் முழுக்கச் செய்திகள் பறந்தன. சபரீஷ் பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய்ச் செய்தி பார்ப்பதைக் கண்டு கவின், சர்க்கரை இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துப் பார் என்றான். லோகப்பிரியா ஒரு நாள் வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டாள்.

லோகப்பிரியாவின் கல்லூரித் தோழி பிரத்யுஷா கோயமுத்தூரில் மனநல ஆலோசகராக இருந்தாள். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாக லோகப்பிரியா இதைச் சொன்னாள். பிரத்யுஷா சிரிக்கவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் பயத்துக்கு ஒருத்தர் தீனி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள். ஒவ்வொரு பயத்துக்கும் உடனுக்குடன் சமாதானம் சொன்னால், சமாதானம் இல்லாமல் அதற்கு இருப்புக்கொள்ளாது. கவலைப்படாதே என்று மனதிடம் சொன்னாலும் கேட்காது. அதற்குப் பதிலாகக் கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள். தினமும் ஒரு அரை மணி. எந்தக் கவலை எப்போது வந்தாலும், இப்போது இல்லை, அப்போது வா என்று சொல்லுங்கள். அந்த நேரம் வந்ததும் உட்கார்ந்து நன்றாகக் கவலைப்படுங்கள்.

இது வேலைக்காகுமா என்று இருவருக்கும் சந்தேகம். சந்தேகப்படவும் ஒரு நேரம் கிடைத்ததே என்று ஒத்துக்கொண்டார்கள். சபரீஷ் வீடு வந்து சேர்கிற நேரம், லோகப்பிரியாவுக்குக் கிளினிக்கில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து, சாயங்காலம் ஆறரை என்று வைத்துக்கொண்டார்கள். எதையும் எழுதி வைப்பதில்லை. ஆறரை வரைக்கும் ஞாபகத்தில் நின்றால் அது கவலை, மறந்துவிட்டால் மறந்ததுதான்.

முதல் நாள் ஆறரை வருவதற்குள் சபரீஷ் படாத பாடு பட்டான். கவலைகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் தன்னை அவசரம் என்று சொல்லிக்கொண்டு வந்தன. நான் கவலை இல்லை, முக்கியமான விஷயம், என்னை இப்போதே பார் என்று ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கழுத்தைப் பிடித்தது. சபரீஷ் எழுந்து சோதனைத் தொட்டிக்குப் போனான். அங்கே ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கைத்தண்டி கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. தினமும் அதைப் பார்க்கிறவன்தான், பார்ப்பது அளவு காட்டும் முள்ளை. அன்றைக்கு முள்ளைப் பார்க்காமல் கையைத் தண்ணீரில் நீட்டினான். சில்லென்று இருந்தது. நல்ல விசை, கையைக் கீழே தள்ளியது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில் மோட்டார் சத்தம், அதற்கும் அடியில் தரை லேசாக அதிர்வது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். கவலை போய்விடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது.

சாயங்காலம் ஆறரைக்கு அவள் போன் வந்தது. என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். காலையிலிருந்து ஏகப்பட்டது வந்ததே என்று யோசித்தான். இரண்டு மட்டும் ஞாபகம் இருந்தது. அதில் ஒன்று, கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது தும்மல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. வாய்விட்டுச் சொன்னபோது அவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"தும்மிக்கங்க," என்றாள் லோகப்பிரியா. அவளுடைய கவலை, புது வீட்டில் எல்லாரும் எழுந்த பிறகு தான் எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்பது. அதற்குச் சமாதானம் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். பிரத்யுஷா சொன்னது ஞாபகம் வந்தது. "தெரியலீங்க. என்னமோ நெனைப்பாங்க," என்றான்.  ஆமாங்க, நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளே சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீதி நேரம் என்ன பேசுவது என்று தெரியாமல், சமையலில் யார் யாருக்கு எது பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா நாளும் இப்படிச் சுலபமாகப் போகவில்லை. சில நாள் சபரீஷ் பொறுக்கமாட்டாமல் மத்தியானமே செய்தி எழுதிவிட்டு அழித்திருக்கிறான். ஒரு நாள் அவள் நிஜமாகவே அழுதாள். அப்பா சென்னியப்பனுக்கு ரத்தக் கொதிப்பு, தான் போன பிறகு மாத்திரை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று. அது கேலி செய்து கடக்கிற கவலை அல்ல. அன்றைக்கு அரை மணி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசி, பக்கத்து வீட்டுச் சித்தியைக் கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள். செய்ய வேண்டியது இருக்கிற கவலை, செய்ய ஒன்றும் இல்லாத கவலை என்று இரண்டு தினுசு இருப்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. இத்தனை காலமும் இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாளாக நாளாக, பேசும்போது குரல் கொஞ்சம் இறுகினாலே, தோள் எங்கே இருக்கிறது என்று அவள் போனிலேயே கேட்கப் பழகிவிட்டாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவிநாசியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. விடிந்தும் விடியாத நேரத்தில் சபரீஷ் குளித்துப் பட்டு வேட்டி கட்டி, சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வந்து சீர்களைத் தொடங்குவதற்காகக் காத்திருந்தான். மண்டபத்தில் என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. ஆட்கள் இருந்தார்கள், பூ இருந்தது, காபி மணம் இருந்தது. மேளச் சத்தம்தான் இல்லை.

வெளியே போய்ப் பார்த்தான். மாமனார் சென்னியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். நாதஸ்வரக்காரர்கள் வந்துவிட்டோம், வாசலில்தான் நிற்கிறோம் என்கிறார்கள். வாசலில் யாரும் இல்லை. சபரீஷ் போனை வாங்கி, வாசலில் பெண் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. மண்டபத்தின் பெயரையும் அவிநாசியையும் மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் அதே பெயரில் இருக்கிற இன்னொரு மண்டபத்துக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கேயும் கல்யாணம். காபி கூடக் கொடுத்துவிட்டார்களாம்.

சென்னியப்பன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். மேளம் இல்லாமல் சீர் எப்படி, இதெல்லாம் நல்லதற்கா என்று ஒருவர் ஆரம்பித்தார்.

மகன் இப்போது என்ன ஆகப் போகிறானோ என்று சாந்தாமணி பதறிப்போய் அவனைப் பார்த்தாள். அவன் சாதாரணமாக நின்றிருந்தான். இந்தக் கல்யாணத்துக்காக அவன் எத்தனையோ பயந்து வைத்திருந்தான்: மழை, தும்மல், கால் தடுக்குவது, யாரிடமாவது ஏதாவது தப்பாகக் கேட்டுவிடுவது. மேளக்காரர்கள் வேறு கல்யாணத்துக்குப் போய்க் காபி குடிப்பார்கள் என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால் அவன் பார்த்தது எதிரே இருந்த விஷயத்தை மட்டும்தான். அதற்குச் செய்ய வேண்டியதும் இருந்தது.

அவர்களை உடனே கிளம்பச் சொன்னான். வர ஒரு மணி நேரமாகும். முகூர்த்தம் ஏழரை வரைக்கும் இருக்கிறது என்று மாமனாரிடம் சொன்னான். பிறகு கவினைக் கூப்பிட்டு, கோயிலில் காலைப் பூசைக்கு வாசிக்கிறவர்கள் இருப்பார்கள், பூசை முடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டுப் பார் என்றான். கவின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் பறந்தான்.

"மாமா, எந்திரிச்சு வாங்க. காபி குடிங்க. உங்க மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று சென்னியப்பனைக் கைபிடித்து எழுப்பினான் சபரீஷ். அவர் மாத்திரையை மறந்துதான் போயிருந்தார்.

மணப்பெண் அறையிலிருந்து போன் வந்தது. கேள்விப்பட்டேன் என்றாள் லோகப்பிரியா. பதற்றமாகத்தான் இருந்தாள், மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, தோளு எங்க இருக்குதுங்க?"

அவன் பார்த்துக்கொண்டான். "கீழதான் இருக்குது அம்மணி. உன்றது?"

அவளை அவன் அம்மணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்களுது என்னாமல் உன்றது என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை.  இப்போ இறங்கிப்போச்சுங்க என்றாள்.

கவின் போன சுருக்கில் வந்தான். பின்சீட்டில் தவிலோடு ஒருவர், பின்னாலேயே இன்னொரு வண்டியில் நாதஸ்வரத்தோடு இன்னொருவர். வந்து உட்கார்ந்ததும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அருமைக்காரர் சீர்களைத் தொடங்கினார். மயில்கழுத்துப் புடவையில் லோகப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாலி கட்டுகிற நேரம் நெருங்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வழிதவறிய கோஷ்டி இறங்கியது. வந்த வேகத்தில் நடந்துகொண்டே வாசிக்கத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்களும் நிறுத்தவில்லை. தாலி கட்டும்போது இரண்டு தவிலும் எல்லா நாதஸ்வரமும் சேர்ந்து முழங்கியதில் மண்டபத்துக் கூரை எழும்பிவிடும் போல இருந்தது. மேளம் இல்லாத கல்யாணமா என்று ஆரம்பித்தவர், இப்படி ஒரு கெட்டிமேளத்தைத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்று சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு இருவரும் காரில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள், ஈரத்தில் பளபளத்துக்கொண்டு. ஆறரை ஆகிவிட்டது என்று லோகப்பிரியா சொன்னாள்.

சபரீஷ் தேடிப் பார்த்தான். திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய ஒரு பம்பு பற்றிச் சின்னதாக ஒன்று இருந்தது, அதைச் சொன்னான். அவளிடம் பெரியதாக ஒன்று இருந்தது. பல்லடத்திலேயே சொந்தமாகக் கிளினிக் போட்டால் என்ன என்று தோன்றுகிறது, ஆனால் யாருமே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வேறு தோன்றுகிறது என்றாள். எல்லாம் வருவார்கள் என்று அவன் சொல்லவில்லை.

"எதை நெனைச்சா ரொம்பப் பயமா இருக்குது?" என்று கேட்டான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டான். தறிக்காரர்கள் நாள் முழுக்க நிற்கிறவர்கள், இடுப்பு வலி இல்லாத ஆளே கிடையாது என்று பேச்சு போனது. வாடகைக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால், மாமனார் அங்கப்பனிடம் சொல்லி அந்தத் தறிக்கூடங்களில் நாலு பேரைப் போய்ப் பார்க்கலாம் என்று அவளே முடிவுக்கு வந்தாள். செய்ய வேண்டியது இருக்கிற கவலை அது.

பொள்ளாச்சி வருவதற்கு முன்னால் சாலையோரம் ஒரு இளநீர்க்கடை தெரிந்தது. நிறுத்தினார்கள். கடைக்காரம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு, அம்மணிக்கு வழுக்கையா, தண்ணிக் காயா என்று கேட்டாள்.

லோகப்பிரியா காய்க் குலையைப் பார்த்தாள். வழுக்கை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, தாகமாக இருக்கிறதே என்று தண்ணிக் காய்ப் பக்கம் திரும்பி, மறுபடியும் வழுக்கையைப் பார்த்தாள். சபரீஷ் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு அவள் முகம் போகிற போக்கை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"ரெண்டுலயும் ஒண்ணு வெட்டுங்க," என்றாள் கடைசியில்.